வேலைச் சான்றிதழும் வயிற்றுச் சோறும்

(பெங்களூரில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அரசாங்கத்தின் உதவியைப் பெற வேண்டுமானால் ஒருவர் உழைத்துக் காட்டியாக வேண்டுமா? இதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். ‘உழைத்தால் கொடு, உழைக்காவிட்டால் நிறுத்து’ என்னும் குரல் இந்த நாட்டில் சில ஆண்டுகளாகப் பலமாகக் கேட்கிறது. டீக்கடையிலும் கேட்கிறது, முதலாளிகள் மாநாட்டிலும் கேட்கிறது, உச்ச நீதிமன்றத்திலும் கேட்டது.

2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச் சாலையைத் திறந்து வைத்த பிரதமர் மோடி, இலவசத் திட்டங்களை எள் மிட்டாய் வழங்குவதற்கு ஒப்பிட்டுப் பேசினார். 2025 பிப்ரவரியில் சென்னையில் தொழிலதிபர்கள் கூடினார்கள். லார்சன் அண்ட் டூப்ரோ கம்பெனியின் தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன், நலத்திட்டங்கள் இருப்பதால் கட்டட வேலைக்கு ஆட்கள் ஊரை விட்டு வர மறுக்கிறார்கள் என்று அங்கே குறைப்பட்டுக்கொண்டார். அதே வாரத்தில் உச்ச நீதிமன்றத்தில், நகரங்களில் வீடின்றித் தெருவில் கிடப்போரின் வழக்கு விசாரணைக்கு வந்தது. இலவச அரிசியும் பணமும் கிடைப்பதால் மக்கள் வேலை செய்ய விரும்புவதில்லை என்று நீதிபதி கவாய் அப்போது கருத்துச் சொன்னார். தலைக்கு மேல் கூரை கேட்டு வந்தவர்களின் வழக்கில் சொல்லப்பட்ட வார்த்தை அது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

நாம் வாழும் கருநாடகத்தில் 2023இல் ஐந்து உத்தரவாதங்கள் வந்தன. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய், 200 யூனிட் வரை மின்சாரம், ரேஷன் அரிசி, வேலையில்லாத பட்டதாரிக்கு உதவித் தொகை. 2025–26 வரவு செலவுத் திட்டத்தில் இவற்றுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 50,000 கோடி ரூபாய்க்கும் மேல். இவ்வளவு பணம் போகும்போது கேள்வி எழுவது இயல்பு. கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் ஏழைகளின் எதிரிகள் என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஏனென்றால் அந்தக் கேள்வி நம்மிடமே இருக்கிறது. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. ஆலைகளில் முப்பது ஆண்டுக்காலம் ஷிப்டு பார்த்து, உடம்பைத் தேய்த்து ஓய்வு பெற்ற மூத்த தோழர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். ‘நாங்கள் யாரிடமும் கை நீட்டவில்லையே, உழைத்துத்தானே சாப்பிட்டோம், சும்மா இருப்பவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று அவர்கள் கேட்கிறார்கள். அது உழைப்பை மதிப்பவர்களின் கேள்வி. ஆகவே அதற்கு நாம் கோஷத்தால் பதில் சொல்ல முடியாது. கணக்கோடு பதில் சொல்ல வேண்டும்.

பழைய கணக்கு ஒன்று

‘வேலை செய்தால்தான் சோறு’ என்னும் ஏற்பாடு நம் மண்ணுக்குப் புதியதல்ல. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோது, நம் முன்னோரின் உடம்பின் மீதே அது சோதித்துப் பார்க்கப்பட்டது.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். நிவாரணச் செலவைக் குறைப்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. பஞ்ச வேலைக்கு வரும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று டெம்பிள் தீர்மானித்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வாங்குவதற்கு அவன் நாள் முழுவதும் மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை கொடுத்தால் பசியில்லாதவனும் வந்துவிடுவான் என்று சொல்லி, வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள முகாமுக்கு நடக்க வைக்கும் விதியும் இருந்தது. உண்மையில் பசித்தவன் யார் என்று கண்டுபிடிக்க அவர்கள் வைத்த பரீட்சை இது.

மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் என்ற ஆங்கிலேயரே இதை எதிர்த்தார். இந்த உணவைக் கொண்டு உழைக்கும் உடம்பு பிழைக்காது என்று அவர் எழுதினார். கடைசியில் அரசாங்கம் கூலியை உயர்த்த வேண்டி வந்தது. அதற்குள் முகாம்களில் பிணங்கள் விழுந்திருந்தன. பத்து மைல் நடக்கத் தெம்புள்ளவன் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தான். யாருக்குச் சோறு மிக அவசரமோ அவன் வழியிலேயே விழுந்தான். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். அதற்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்தது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

மைசூர் ராஜ்யமும் அப்போது பிரிட்டிஷ் கமிஷனரின் ஆட்சியில்தான் இருந்தது. 1871 மக்கள் கணக்கெடுப்பில் இந்த ராஜ்யத்தின் மக்கள் தொகை 50 லட்சத்துக்கு மேல். 1881இல் அது சுமார் 42 லட்சம். பத்தாண்டில் கூட வேண்டிய தொகை எட்டு லட்சத்துக்கு மேல் குறைந்து போயிற்று. பிறகு 1880இல் பஞ்ச விசாரணைக் கமிஷன் அறிக்கை தந்தது. உடலில் வலு உள்ளவனுக்கு வேலை கொடு, வலு இல்லாதவனுக்கு வேலை கேட்காமல் சோறு போடு என்ற பிரிவினை அதன் பின்னர்தான் பஞ்சச் சட்டங்களில் ஒழுங்காக ஏறியது. வேலையை நிபந்தனை ஆக்கினால், தேவை அதிகம் உள்ளவனே முதலில் தோற்பான் என்ற பாடத்துக்கு இத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்தோம்.

கடல் கடந்த கணக்கு

‘அது வெள்ளையன் காலத்துக் கொடுமை, இன்றைய கணினி உலகத்தில் அப்படி நடக்காது’ என்று இளைஞர்கள் சொல்லக்கூடும். அமெரிக்காவில் ஆர்க்கன்சாஸ் என்றொரு மாநிலம் இருக்கிறது. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியைப் பெறுகிறவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2018இல் அங்கே விதி வந்தது. தொடக்கத்தில் கணக்கை இணையதளம் வழியாகத்தான் காட்ட வேண்டும். அந்த இணையதளமோ இரவு ஒன்பது மணிக்கு மூடி, காலை ஏழு மணிக்குத் திறந்தது! சில மாதங்களுக்குள் 18,000 பேருக்கு மேல் மருத்துவ உதவியை இழந்தார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள் இரண்டு விஷயங்களைக் கண்டார்கள். ஒன்று, அந்த விதியால் வேலைக்குப் போவோர் தொகை கூடவில்லை. இரண்டு, விதிக்கு உட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பே வேலை செய்துகொண்டிருந்தார்கள், அல்லது விலக்குப் பெறத் தகுதி உள்ளவர்களாக இருந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தியது. ஆனாலும் 2025 ஜூலையில் அதே 80 மணி நேர நிபந்தனையை அமெரிக்கா முழுவதற்கும் சட்டமாக்கிவிட்டார்கள்.

தோழர்களே, இந்தச் சோதனைகள் எதைச் சோதிக்கின்றன என்று பாருங்கள். ஒருவன் உழைக்கிறானா என்பதை அவை அறிவதில்லை. உழைத்ததற்குச் சாட்சி வைத்திருக்கிறானா என்பதையே அறிகின்றன. உழைப்பு நம் கையில் இருக்கிறது. சாட்சியோ மற்றவன் கையில் இருக்கிறது.

நம் வீட்டுக் கணக்கு

வேறெங்கும் போக வேண்டாம். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் நம் மக்களையே எடுத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கொத்தனாராகவும் சித்தாளாகவும் சென்டிரிங் ஆளாகவும் இந்த நகரத்தை உயர்த்தியிருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கென்று நல வாரியம் அமைக்க வழி செய்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் ‘செஸ்’ வசூலித்து, அதிலிருந்து ஓய்வூதியம், பிரசவ உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்து உதவி எல்லாம் தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை: கடந்த 12 மாதங்களில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த 90 நாளை அப்படியே வைத்திருக்கிறது.

90 நாள் என்ன பெரிய வேலையா என்று கேட்கலாம். நம் ஆட்கள் வருஷத்தில் 250 நாள் கூட உழைக்கிறார்கள். ஆனால் காலையில் முச்சந்தியில் நின்று, அன்றைக்கு அழைத்த மேஸ்திரியின் பின்னால் போகிறவனுக்கு யார் சான்று எழுதுவார்கள்? இந்த வாரம் ஒயிட்ஃபீல்டில் ஒருவர், அடுத்த வாரம் எலகங்காவில் வேறொருவர். கட்டடத்தின் சொந்தக்காரருக்கு இவன் முகம் தெரியாது. மேஸ்திரியிடம் கையெழுத்துக் கேட்டால், நாளைக்கு ஏதாவது வழக்கு வந்து தன் தலையில் விழுமோ என்று அவர் நழுவுவார். கணவனும் மனைவியும் ஜோடியாக வேலைக்குப் போனால், பல இடங்களில் நோட்டில் ஏறுவது கணவன் பெயர் மட்டும்தான். செங்கல்லும் கலவையும் சுமந்த சித்தாள் பெண், காகிதத்தில் வேலையே செய்யாதவள் ஆகிவிடுகிறாள். அவளிடம் போய் ‘உழைத்தாயா?’ என்று கேட்கிறது சட்டம்!

இன்னொரு பக்கம், உழைக்காதவனுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. தரகருக்குப் பணம் கொடுத்தால் 90 நாளும் ஒரே நிமிடத்தில் எழுதப்பட்டுவிடும். செங்கல்லைத் தொட்டே பார்க்காதவர்களிடம் லேபர் கார்டு இருக்கிறது. போலிகளை நீக்குகிறோம் என்று அரசு இறங்குவது நியாயம்தான். ஆனால் நீக்கும்போது மறுபடியும் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். போலியிடம் காகிதம் சுத்தமாக இருக்கும். காகிதம் கசங்கிப்போய் இருப்பது உண்மைத் தொழிலாளியிடம்தான்.

பணம் இல்லாமலா இந்தக் கெடுபிடி? 2018 மார்ச்சில் நீதிபதி மதன் லோகூர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இந்தக் கணக்கைப் பார்த்தது. நாடு முழுவதும் வசூலான செஸ் சுமார் 37,400 கோடி ரூபாய். தொழிலாளிக்கென்று செலவானது சுமார் 9,500 கோடி. நான்கில் மூன்று பங்கு அப்படியே கிடந்தது. நம் உழைப்பின் பெயரால் வசூலித்த பணம், நம் உழைப்புக்குச் சான்று இல்லை என்று பூட்டி வைக்கப்பட்டது.

இதற்கு நேர் எதிரான சோதனையும் இதே ஊரில் இருக்கிறது. 2024 ஜனவரியில் கருநாடக அரசு வழங்கத் தொடங்கிய யுவநிதித் திட்டத்தில் பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய், டிப்ளமா படித்தவருக்கு 1,500 ரூபாய், இரண்டு ஆண்டு வரை. அங்கே வேலை இல்லை என்று உறுதி சொல்ல வேண்டும். பட்டம் வாங்கிய பிள்ளை பத்து நாள் ஸ்கூட்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போனால், அவன் வேலையில் இருப்பவனா, இல்லாதவனா? ஒரு திட்டம் ‘உழைத்ததைக் காட்டு’ என்கிறது. இன்னொரு திட்டம் ‘உழைக்காததைக் காட்டு’ என்கிறது. இன்றைக்கு வேலை உண்டு, நாளைக்கு இல்லை என்று வாழ்பவன் இரண்டு வாசலிலும் திருப்பி அனுப்பப்படுகிறான்.

சோம்பேறி யார்?

இனி மூத்த தோழர்களின் கேள்விக்கு நேராக வருவோம். மாதம் 2,000 ரூபாயும் ரேஷன் அரிசியும் கிடைத்தால் மனிதன் வேலைக்குப் போக மாட்டானா? பெங்களூரில் ஒற்றை அறை வாடகைக்கே அந்தப் பணம் காணாது. பிறகு பருப்பு, எண்ணெய், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, மருந்துச் செலவு. எவரும் அதைக் கொண்டு காலாட்டி உட்கார முடியாது.

ஆனால் அந்த அரிசி ஒரு காரியத்தைச் செய்கிறது. வீட்டில் ஒரு வாரத்துக்கு அரிசி இருந்தால், மேஸ்திரி குறைத்துச் சொல்லும் கூலிக்கு ‘முடியாது’ என்று சொல்ல ஒருவனுக்குத் தைரியம் வருகிறது. சாரத்துக்குப் பாதுகாப்புக் கயிறு இல்லாத பத்தாவது மாடியில் ஏற மாட்டேன் என்று சொல்ல முடிகிறது. ஆட்கள் வருவதில்லை என்று முதலாளி புலம்புவதன் உட்பொருள் இதுதான். ஆள் வரவில்லை என்றால் கூலியை உயர்த்து, தங்க நல்ல இடம் கொடு என்பது சந்தையின் விதி. சரக்குக்கு மட்டும் சந்தை விதி, ஆளுக்குப் பசியின் விதி என்றால் அதை நாம் ஏற்க முடியாது.

குடும்பத் தலைவிக்குச் சும்மா கொடுக்கிறார்கள் என்கிறார்களே, அவள் சும்மாவா இருக்கிறாள்? மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு அதில் 289 நிமிடம் உழைக்கிறாள். ஆண் 88 நிமிடம். தமிழகத்தில் 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். பெயரில் ஒரு நியாயம் இருக்கிறது.

தங்கவயலை நினைத்துப் பாருங்கள். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அன்று முதல் அவர்களின் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, தினம் பெங்களூர் வந்து கிடைத்த வேலையைச் செய்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறார்கள். இங்கே எச்.எம்.டி. கடிகார ஆலையையும் மூட 2016இல் முடிவெடுத்தார்கள். இந்த இரண்டு இடத்திலும் தொழிலாளி வேலையை விட்டு ஓடவில்லை. வேலைதான் அவனை விட்டுப் போயிற்று.

மேலே கொடுக்கும்போது இந்தக் கேள்வி எழவில்லை என்பதையும் கவனியுங்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காட்டுக்கு மத்திய அரசு குறைத்தது. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. இத்தனை பேருக்கு வேலை கொடுத்தேன் என்று சான்றிதழ் கொண்டு வா என எந்தக் கம்பெனியிடமும் கேட்கவில்லை. 90 நாள் கணக்கு சித்தாளுக்கு மட்டும்தான்!

நாம் கேட்பது

உழைப்புக்கும் உதவிக்கும் சம்பந்தமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையான சம்பந்தம் எது என்பதை 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் காட்டியது. வேலை கேட்பது குடிமகனின் உரிமை. 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அரசே படி தர வேண்டும். பரீட்சை எழுத வேண்டியது அரசு என்று அந்தச் சட்டம் மாற்றி வைத்தது. நடைமுறையில் கூலி பாக்கியும், செயலியில் புகைப்பட வருகையும், ஆதார்ச் சிக்கலும் அதைக் கெடுத்தன. 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக வேறு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 125 நாள் என்று எண்ணிக்கையைக் கூட்டினார்கள். விவசாயப் பருவத்தில் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் அதிலே இடம் வைத்தார்கள். நகரத்து ஏழைக்கோ நாடு தழுவிய வேலை உறுதிச் சட்டம் இதுவரை கிடையாது.

ஆகவே நமது நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். உணவு, மருத்துவம், தலைக்கு மேல் கூரை ஆகிய மூன்றுக்கும் வேலை நிபந்தனை எந்த வடிவத்திலும் கூடாது. நல வாரியம் போல உழைப்போடு சேர்ந்த உதவிகளில், உழைத்ததை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியின் தலையில் இருக்கக்கூடாது. செஸ் கட்டும் கட்டட முதலாளியே அன்றாடம் யார் வேலை செய்தார் என்ற பட்டியலை வாரியத்துக்குத் தரட்டும். தராவிட்டால் தொழிலாளியின் வாக்குமூலமே சான்றாகட்டும். பெண்ணின் பெயர் தனி வரியில் ஏறட்டும். பெங்களூரில் வாழ்ந்து, பெங்களூரில் உழைத்து, முகவரிச் சான்று மட்டும் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் கூலிக்காரர்களையும் கணக்கில் எடுக்கட்டும். நகரத்துக்கும் வேலை உறுதிச் சட்டம் வரட்டும். ‘உழைக்க வா’ என்று சொல்பவர்கள் முதலில் வேலையைக் காட்டட்டும்.

நமக்கும் கடமை உண்டு. ஒவ்வொரு தோழரும் ஒரு நோட்டு வைத்திருங்கள். தேதி, இடம், மேஸ்திரி பெயர், வாங்கிய கூலி ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். வீட்டுப் பெண்களின் பெயரில் தனி நோட்டுப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். கன்னடத் தொழிலாளியும் தெலுங்குத் தொழிலாளியும் வட நாட்டிலிருந்து வந்தவரும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். உறவினர், ஊர்க்காரர் என்று பார்த்துப் பொய்ச் சான்றில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பொய்க் கார்டு, நூறு உண்மைத் தொழிலாளிகளைச் சந்தேகிக்க அவர்களுக்குக் காரணம் கொடுக்கிறது.

மூத்த தோழர்களுக்கு ஒரே வேண்டுகோள். உங்கள் வருகைப் பதிவேட்டை ஆலை வைத்திருந்தது. உங்கள் உழைப்புக்கு அது சாட்சி சொன்னது, ஓய்வுக்காலப் பணம் வந்து சேர்ந்தது. இன்றைய சித்தாளுக்கும் கூலிக்காரனுக்கும் பதிவேடு இல்லை. நீங்கள்தான் அவர்களுக்குச் சாட்சியாக நிற்க வேண்டும்.